மூர்த்தியின் வெயிலும் ரிப்ளியின் இருட்டும்

1988 நவம்பர் 14, நேரு பிறந்தநாள். தூர்தர்ஷனில் ‘பாரத் ஏக் கோஜ்’ தொடங்கியது. நேருவின் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’வை வைத்து ஷியாம் பெனகல் எடுத்த தொடர், மொத்தம் 53 பகுதிகள். ஞாயிறு காலை குளித்துமுடித்து ஈரத்தலையோடு அதன் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு இன்று ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். அவர்களில் பலருக்கும் தெரியாத ஒரு வேடிக்கை அந்தத் தொடருக்குள் இருந்தது. ஒளிப்பதிவு வி.கே.மூர்த்தி. ‘பியாசா’, ‘காகஸ் கே பூல்’, ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’ படங்களை எடுத்தவர். கருப்பு வெள்ளை என்றதும் இந்திய சினிமாவில் முதலில் நினைவுக்கு வருகிற பெயர். அந்த மனிதர் இந்தத் தொடரை வண்ணத்தில் எடுத்திருந்தார். பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் இருந்ததோ கருப்பு வெள்ளைப் பெட்டி!

அசோகரின் பட்டாடையும் அக்பரின் தர்பாரும் மூர்த்தியின் கேமராவில் நிறத்தோடு பதிவாகி, டெல்லியிலிருந்து நிறத்தோடு கிளம்பி, மரக்கதவு வைத்த டயனோராவிலும் சாலிடேரிலும் வந்து சாம்பலாய் இறங்கின.

முப்பத்தாறு வருடம் கழித்து இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 2024 ஏப்ரல் 4 அன்று நெட்ஃப்ளிக்ஸில் ‘ரிப்ளி’ வந்தது. எட்டுப் பகுதிகள், எட்டுமே கருப்பு வெள்ளை. வொயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் மாதத்தவணையில் வாங்கிச் சுவரில் மாட்டிய 55 அங்குல டிவிகள் நூறு கோடி நிறம் காட்டுவோம் என்று சொல்லி விற்கப்பட்டவை. அவற்றில் அந்த வாரம் பலர் பார்த்தது ஒரு நிறமும் இல்லாத இத்தாலியை. டிவி கெட்டுவிட்டதோ என்று அமைப்புப் பக்கத்தைத் திறந்து துழாவியவர்களும் இருந்திருப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் படம் கருப்பு வெள்ளையாக இருந்தால் பெட்டிக்கு அவ்வளவுதான் வசதி என்று அர்த்தம். இன்று அப்படி இருந்தால் ஒருவர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு என்று அர்த்தம். அந்த முடிவை எடுத்தால் என்னென்ன கஷ்டம் வரும் என்பதைப் படித்த ஊர்களில் பெங்களூர் முக்கியமானது.

கே.ஆர்.சர்க்கிள் பக்கம், சேஷாத்ரி ரோட்டில் உள்ள ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக் அதற்குச் சாட்சி. ஊரில் எஸ்.ஜே.பி. என்பார்கள். நாற்பதுகளிலேயே அங்கே ஒளிப்பதிவுக்கு டிப்ளமோ இருந்தது. புனேயில் திரைப்படக் கல்லூரி தொடங்கியது 1960-இல்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு முந்தியது என்று தெரியும். மைசூரில் பிறந்து, வயலின் வாசித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போய்வந்த மூர்த்தி அங்கேதான் 1946-இல் படித்து முடித்தார். பதினாறு வருடம் கழித்து, 1962-இல், அதே இடத்தில் படித்து வெளியே வந்தவர் கோவிந்த் நிஹலானி. நேரே பம்பாய்க்குப் போய் மூர்த்தியிடமே உதவியாளராகச் சேர்ந்தார். இன்னொரு தற்செயல்: மூர்த்தியை உலகறியச் செய்த குரு தத் பிறந்ததும் பெங்களூரில்தான், 1925-இல்.

குருவும் சீடனுமாக மூர்த்தியும் நிஹலானியும் சேர்ந்து செய்த டிவி வேலை ‘தமஸ்’. பீஷ்ம சாஹ்னியின் நாவல், பிரிவினைக் கலவரம், நிஹலானி இயக்கம், ஒளிப்பதிவில் இருவர் பெயரும் உண்டு. 1988 ஜனவரியில் ஒளிபரப்பானபோது நிறுத்தச் சொல்லி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் நிறுத்த மறுத்துவிட்டது. ‘தமஸ்’ என்றால் இருள். பெயரே இருளாக இருக்கிற தொடரை, இருளை வைத்து வேலை செய்வதில் பெயர் வாங்கிய இருவர் எடுத்தார்கள். அதுவும் வண்ணத்தில்தான். அதையும் நாட்டின் பெரும்பகுதி கருப்பு வெள்ளையில்தான் பார்த்தது.

இங்கே கொஞ்சம் பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் டிவி வந்தது 1959 செப்டம்பர் 15, டெல்லியில். சென்னைக்கு 1975-இல் வந்தது, பெங்களூருக்கு 1981-இல். அடுத்த வருடமே, 1982 ஆகஸ்ட் 15 செங்கோட்டை உரையோடும் நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டியோடும் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது. அதாவது பெங்களூர் நிலையம் கருப்பு வெள்ளையை முழுசாக அனுபவிப்பதற்குள் அதன் காலம் முடிந்துவிட்டது. 1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’கில் ஆரம்பித்து நாம் கொண்டாடுகிற தூர்தர்ஷன் பொற்காலத் தொடர்கள் எல்லாமே வண்ணக் காலத்துப் பிள்ளைகள். ஷங்கர் நாக் ஆகும்பேயில் எடுத்த ‘மால்குடி டேஸ்’ உட்பட. அதன் ஒளிப்பதிவாளர் எஸ்.ராமச்சந்திரா, ஒன்பது வருடம் முன்னால் ‘கடஸ்ராத்த’ படத்தைக் கருப்பு வெள்ளையில் எடுத்து, அது அந்த வருடம் நாட்டின் சிறந்த படமாகத் தங்கத் தாமரை வாங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிலையம் மாறிவிட்டது, வீட்டுப் பெட்டி மாறவில்லை. கலர் டிவி என்பது கல்யாணச் செலவுக்குச் சமமான காரியம். பெங்களூர் ஜாலஹள்ளியில் இருக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ், ராணுவ ரேடாரும் வயர்லெஸ்ஸும் செய்கிற அரசு நிறுவனம், கருப்பு வெள்ளை டிவிக்கான பிக்சர் ட்யூபும் செய்துகொண்டிருந்தது. நாட்டின் எந்த மூலையிலோ விற்ற பெட்டிக்குள் இந்த ஊர்க் கண்ணாடி இருந்திருக்கலாம். ஆசை அடங்காதவர்கள் கடையில் ஒரு பிளாஸ்டிக் தாள் வாங்கிவந்து திரைமேல் மாட்டினார்கள்: மேலே நீலம், கீழே பச்சை, நடுவில் ஏதோ ஒரு ஆரஞ்சு. வயல்வெளிக் காட்சி வந்தால் அபாரமாக இருக்கும். செய்தி வாசிப்பவரின் நெற்றிதான் பாவம், வாரம் முழுக்க நீலமாகவே இருக்கும்.

வண்ண ஒளிபரப்பு கருப்பு வெள்ளைப் பெட்டியில் எப்படித் தெரிந்தது என்பதில்தான் சூட்சுமம். அலையில் வெளிச்சத்துக்கு ஒரு பகுதியும் நிறத்துக்கு ஒரு பகுதியும் தனித்தனியாக வரும். பழைய பெட்டி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடும். அந்த வெளிச்சத்தைக் கணக்கிட ஒரு கூட்டல் உண்டு: சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11. மனிதக் கண் பச்சையைத்தான் அதிகம் வெளிச்சமாக உணர்கிறது என்பதால் இந்தப் பங்கீடு. விளைவைப் பாருங்கள். முழுச் சிவப்பும், பாதி வலுவுள்ள பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். அரக்குப் பட்டு கட்டிய மாமியார் கரும்பச்சைச் சுவரின் முன்னால் நின்று மருமகளைத் திட்டினால், கலர் டிவியில் கண்ணைப் பறிக்கும் காட்சி. பழைய பெட்டியில் சுவருக்குள்ளிருந்து ஒரு தலை மட்டும் பேசும்.

கருப்பு வெள்ளை ஒளிப்பதிவின் மொத்தத் தலைவலியும் இந்தச் சுவர்தான். வண்ணத்தில் மனிதரைப் பின்னணியிலிருந்து பிரித்துக்காட்ட நிறமே போதும். கருப்பு வெள்ளையில் பிரிக்க வெளிச்சம் ஒன்றுதான் உண்டு. அதனால் தலைமுடிக்குப் பின்னாலிருந்து ஒரு பேக் லைட், தோளோரம் ஒரு கோடு, பின்சுவரில் ஒரு ஜன்னல் நிழல் என்று ஒவ்வொன்றையும் கையால் வைக்க வேண்டும். கறுத்த முடி கறுத்த சுவரோடு ஒட்டக்கூடாது, வெளுத்த சட்டை முகத்தை விழுங்கக்கூடாது. பழைய ஸ்டுடியோக்களில் வெள்ளைச் சட்டை என்று திரையில் தெரிந்தது பல நேரம் வெளிர்நீலமாகவோ மங்கிய மஞ்சளாகவோ இருந்ததற்குக் காரணம் இதுவே. 1964-இல் அமெரிக்காவில் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ தொடரில் அந்தப் பேய்வீட்டு வரவேற்பறை நிஜத்தில் ரோஸ் நிறம். நல்ல சாம்பல் வேண்டும் என்றால் பேய்க்கும் ரோஸ்தான் கதி.

2021 ஜனவரியில் வந்த ‘வாண்டாவிஷன்’ தொடரின் முதல் இரண்டு பகுதிகள் ஐம்பது, அறுபதுகளின் அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களின் சாயலில் கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டன. ஒளிப்பதிவாளர் ஜெஸ் ஹால் அந்தக் காலத்து விளக்குகளையே தேடிப்பிடித்தார். அதில் விஷன் என்ற பாத்திரத்துக்கு முகம் செந்நிறம். காமிக்ஸ் படித்த எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். ஆனால் கருப்பு வெள்ளைக் காட்சிகளுக்கு நடிகர் பால் பெட்டனியின் முகத்தில் பூசியது நீலம். சிவப்பு சாம்பலாகும்போது சொதப்பியது, நீலம் ஒழுங்காக வந்தது. நிறம் தெரியப்போவதே இல்லை என்பதால் எந்த நிறமும் பூசலாம் என்கிற சுதந்திரம் ஒருபக்கம். எந்த நிறம் எந்தச் சாம்பலாகும் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் மறுபக்கம்.

‘ரிப்ளி’க்கு வருவோம். பாட்ரீஷியா ஹைஸ்மித் 1955-இல் எழுதிய நாவல். நியூயார்க்கில் சின்னச்சின்ன மோசடி செய்து பிழைக்கிற டாம் ரிப்ளி, பணக்காரப் பையன் ஒருவனை வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்ல இத்தாலிக்கு அனுப்பப்படுகிறான். பிறகு நடப்பதைச் சொன்னால் பார்க்காதவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஏற்கனவே இரண்டு புகழ்பெற்ற திரைவடிவம் இருந்தது: 1960-இல் ரெனே க்ளெமான் எடுத்த பிரெஞ்சுப் படம், 1999-இல் ஆண்டனி மின்கெல்லா எடுத்த ஆங்கிலப் படம். இரண்டும் வண்ணம். இரண்டிலும் கடல் அப்படி ஒரு நீலம், தோல் அப்படி ஒரு வெண்கலம். பார்க்கிறவனுக்கே அடுத்த விமானத்தில் ஏறிப் போய்விடலாம் என்று தோன்றும். கொலையே ஒரு சுற்றுலாச் செலவு போலத் தெரியும்.

எட்டுப் பகுதிகளையும் எழுதி இயக்கிய ஸ்டீவன் ஜெய்லியன் அந்தக் கடலை முதலில் எடுத்தெறிந்தார். தன்னிடமிருந்த நாவல் பிரதியின் அட்டையில் ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம் இருந்ததாகவும், எழுதும்போதெல்லாம் அதுதான் மனதில் நின்றதாகவும் அவர் காரணம் சொல்லியிருக்கிறார். எளிமையான காரணம், நல்ல காரணமும்கூட. தொடரைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு காரணமும் தோன்றும். ரிப்ளி என்ற ஆள் எதையும் ரசிப்பதில்லை, எல்லாவற்றையும் எடைபோடுகிறான். மோதிரம், பேனா, சாம்பல் கிண்ணம், படிக்கட்டின் உயரம், எதிராளியின் கையெழுத்து. நீலக்கடல் நம்மை மயக்கிக்கொண்டிருந்தால் அவனுடைய அந்தக் கணக்குப் பார்வை நமக்கு வராது. நிறத்தை எடுத்ததும் பொருள்களின் கனம் தெரிகிறது. கல் கல்லாக இருக்கிறது. அமால்ஃபிக் கரையில் உள்ள அட்ரானி ஊரின் படிகளில் அவன் மூச்சுவாங்க ஏறும்போது ஒவ்வொரு படியையும் நாமும் எண்ணுகிறோம்.

ஒளிப்பதிவாளர் ராபர்ட் எல்ஸ்விட். ‘தேர் வில் பி பிளட்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். கருப்பு வெள்ளை அவருக்குப் புதிதில்லை: 2005-இல் ‘குட் நைட், அண்ட் குட் லக்’ எடுத்தார். ஐம்பதுகளின் அமெரிக்க டிவி செய்தியாளர் எட்வர்ட் மரோவைப் பற்றிய அந்தப் படத்தை வண்ணச் சுருளில் எடுத்துத்தான் பிறகு கருப்பு வெள்ளையாக்கினார்கள். ‘ரிப்ளி’யில் அவர் வைத்த வெளிச்சத்துக்குக் கதையே ஒரு குறிப்பு கொடுக்கிறது. ரிப்ளிக்குக் கராவாஜியோவின் ஓவியங்கள்மேல் பித்துப் பிடிக்கிறது. கராவாஜியோ, கொலை செய்துவிட்டு ரோமிலிருந்து ஓடிய ஓவியர்; ஒரே பக்கமிருந்து வெட்டி விழும் வெளிச்சம், மீதியெல்லாம் இருட்டு என்பது அவருடைய கைவேலை. எல்ஸ்விட்டின் ஃபிரேம்களும் அப்படித்தான். ஒரு மேஜைவிளக்கு, பாதி முகம், பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாத கூடம். 2024 எம்மி விருதுகளில் ஜெய்லியனுக்கு இயக்கத்துக்கும் எல்ஸ்விட்டுக்கு ஒளிப்பதிவுக்கும் விருது கிடைத்தது. ஐந்தாம் பகுதியில் ரோம் வீட்டுப் பூனையின் காலடித்தடம் ஒரு கணம் மட்டும் ரத்தச் சிவப்பாகத் தெரியும். எட்டு மணிநேரத்தில் அவர்கள் செலவழித்த நிறம் அவ்வளவுதான். சிலருக்கு அது பிடித்தது. அந்தச் செலவையும் தவிர்த்திருக்கலாம் என்று படுகிறது. பூனை அதற்கு முன்பே தன் வேலையை முகத்தாலேயே செய்துவிட்டது.

நிறத்தை இப்படிச் சில்லறையாகச் செலவழிப்பதில் இன்னும் கெட்டிக்காரத்தனம் ‘பெட்டர் கால் சால்’ தொடரில் உண்டு. அதில் கதாநாயகனின் பிற்கால வாழ்க்கை, ஒமாஹா நகரத்தில் பேரை மாற்றிக்கொண்டு மிட்டாய்ரொட்டிக் கடையில் ஒளிந்து வாழும் காலம், கருப்பு வெள்ளை. நம் வழக்கத்துக்கு நேர் எதிர்: கடந்தகாலம் வண்ணம், இன்றைய நாள் சாம்பல். 2022-இல் வந்த கடைசிச் சில பகுதிகள் பெரும்பாலும் இப்படியே ஓடின. அதில் ஓரிடத்தில் தன் பழைய விளம்பரப் படம் ஓடும்போது அது அவன் மூக்குக் கண்ணாடியில் மட்டும் வண்ணமாய்ப் பிரதிபலிக்கும். இறுதிப் பகுதியில் ஒரு சிகரெட் நெருப்பு மட்டும் நிறம் பெறும். போன வாழ்க்கைதான் வாழ்க்கையாக இருந்தது என்பதை ஒரு வசனம் இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

நம் சீரியல்களில் கருப்பு வெள்ளைக்கு இரண்டே வேலைதான். ஒன்று ஃபிளாஷ்பேக். நேற்று சாயங்காலம் நடந்ததைக்கூட நிறத்தை உறிஞ்சிவிட்டுத்தான் காட்டுவார்கள், பார்க்கிறவர் குழம்பிவிடுவார் என்று. இரண்டாவது அதிர்ச்சி. தாலி அறுந்தாலோ, செத்ததாக நினைத்தவன் வாசலில் நின்றாலோ, முகத்தை மூன்று முறை பெரிதாக்கி, இடி இடித்து, ஒரு நொடி நிறம் போய்த் திரும்பி வரும். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மொழி வித்தியாசமே கிடையாது. பெங்களூர்த் தமிழ் வீடுகளில் பாட்டி தமிழ் சீரியலும் மருமகள் கன்னட சீரியலும் பார்த்தாலும் இடி ஒரே நேரத்தில்தான் இடிக்கும்.

இதற்காகச் சீரியல்காரர்களைத் திட்டிப் பயனில்லை. தினத்தொடரின் பொருளாதாரம் அப்படி. நாளைக்கு ஒளிபரப்ப வேண்டியதை இன்றைக்கு எடுத்தாக வேண்டும். செட்டில் எல்லாப் பக்கமும் வெளிச்சத்தைக் கொட்டிவைத்தால் எந்த கேமராவை எங்கே திருப்பினாலும் முகம் தெரியும், விளக்கை நகர்த்த நேரம் போகாது. அந்த வெளிச்சத்தில் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக்காட்டுவது புடவையின் நிறம் மட்டுமே. நிறத்தை எடுத்துவிட்டால் எட்டுப் பேரும் ஒரே மாவில் பிசைந்த கொழுக்கட்டையாகிவிடுவார்கள். அதனால்தான் ‘ரிப்ளி’ மாதிரி ஒன்றை இங்கே செய்வது ரசனைப் பிரச்சினையாவதற்கு முன்னால் நேரப் பிரச்சினையாகிறது.

பக்கத்து வீட்டில் அந்த நேரத்தைச் செலவழித்தார்கள். 2024 பிப்ரவரி 15-இல், ‘ரிப்ளி’க்கு ஏழு வாரம் முன்னால், மலையாளத்தில் ‘பிரமயுகம்’ திரைக்கு வந்தது. ராகுல் சதாசிவன் இயக்கம், ஷெஹ்நாத் ஜலால் ஒளிப்பதிவு, முழுக்கக் கருப்பு வெள்ளை. அடுத்த மாதமே ஓடிடியில் வீட்டு டிவிக்கு வந்துவிட்டது. ஒரு பாழடைந்த மனை, மழை, எண்ணெய்விளக்கு, மம்மூட்டியின் வெறும் மார்பும் பல்லும். அந்த வீட்டின் ஓட்டுக்கூரை இடுக்கு வழியாக இறங்கும் வெளிச்சத்தைப் பார்க்கும்போது மூர்த்தியின் ஞாபகம் வராமல் போகாது.

மூர்த்தியின் அந்த வெளிச்சக் கதை கொஞ்சம் நீளமாகச் சொல்லத் தகும். 1959, ‘காகஸ் கே பூல்’. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். பிரிந்துபோகப் போகிற இயக்குநரும் நடிகையும் ஆளில்லாத ஸ்டுடியோவில் எதிரெதிரே நிற்கிறார்கள். கீதா தத்தின் குரல். காட்சிக்கு மேலேயிருந்து ஒரு வெயில் கற்றை இறங்க வேண்டும் என்று குரு தத் ஆசைப்பட்டார். ஸ்டுடியோ விளக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் ஒளி விரிந்துகொண்டே போகும். வெயிலைப்போல இணைகோடாய் இறங்காது. செட்டில் ஒரு பையன் கண்ணாடியை வைத்து வெயிலைத் திருப்பி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து யோசனை பிறந்தது என்று சொல்லப்படுகிறது. பெரிய கண்ணாடி ஒன்றை வெளியே வெயிலில் வைத்து, அங்கிருந்து ஒளியை ஸ்டுடியோவுக்குள் திருப்பி, உள்ளே உயரத்தில் வைத்த இன்னொரு கண்ணாடியால் கீழே இறக்கினார்கள். நிஜ வெயில், நிஜத் தூசு. சூரியன் நகரும் என்பதால் கண்ணாடியையும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். படம் வசூலில் கவிழ்ந்தது, குரு தத் அதன்பிறகு இயக்குநராகத் தன் பெயரைப் போடவில்லை. மூர்த்திக்கு ஃபிலிம்ஃபேர் கிடைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2008-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர்தான். கன்னடத்தில் உமா ராவ் அவரைப் பற்றி எழுதிய நூலின் பெயர் ‘பிசிலு கோலு’. பிசிலு வெயில், கோலு கோல். வேறு பெயர் பொருந்தியிருக்காது.

அதே ஆள்தான் பிறகு ‘நயா ஜமானா’, ‘ஜுக்னு’ போன்ற தர்மேந்திரா படங்களை அட்டகாசமான வண்ணத்தில் எடுத்தார். கைத்தொழில் தெரிந்தவனுக்குக் கொள்கைப் பிடிவாதம் கிடையாது. ஆனால் வண்ணச்சுருள் அப்போது வெளிச்சத்தை யானைப்பசியோடு தின்னும். 1960-இல் குரு தத் தயாரித்த ‘சௌத்வீன் கா சாந்த்’ படத்தில் கருப்பு வெள்ளைக்கு நடுவே பாட்டை மட்டும் வண்ணத்தில் எடுத்தபோது, அந்த விளக்குச் சூட்டில் வஹீதா ரஹ்மானின் கண் சிவந்துபோனது. சென்சாரில் அந்தச் சிவப்பைக் காமம் என்று படித்து ஆட்சேபித்தார்கள் என்று வஹீதா பிற்பாடு நினைவுகூர்ந்ததுண்டு. கருப்பு வெள்ளையாக இருந்திருந்தால் கண் கண்ணாகவே இருந்திருக்கும்.

தமிழ்ப் பக்கம் கணக்குச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954), மாருதிராவ் ஒளிப்பதிவு. பாட்டே இல்லாத படத்தில் நிழல்தான் பாடியது. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962), ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே வின்சென்ட் எத்தனை விதமான வெள்ளையைக் கண்டுபிடித்தார்! பெங்களூர் பஸ் கண்டக்டர் ஒருவர் சினிமாவில் முதல்முதலாகக் கதவைத் திறந்துகொண்டு நுழைந்த ‘அபூர்வ ராகங்கள்’ (1975) கருப்பு வெள்ளைதான், பி.எஸ்.லோகநாத்துக்கு தேசிய விருது வாங்கித் தந்தது. பாலு மகேந்திராவின் முதல் இயக்கம் தமிழில் இல்லை, கன்னடத்தில்: 1977-இல் வந்த ‘கோகிலா’. கமல், ஷோபா, அறிமுகமாக மோகன். அதன் ஒளிப்பதிவுக்கும் அவருக்கு தேசிய விருது. சென்னையில் கன்னடமாகவே அது நூறு நாளைத் தாண்டி ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதே பாலு மகேந்திரா பின்னாளில் சன் டிவிக்கு ‘கதை நேரம்’ என்று தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக எடுத்துத் தந்தார். ஜன்னல் வெளிச்சம், அமைதி, நடிகரின் முகம். தமிழ் டிவியில் ஒளிப்பதிவு என்று ஒன்று இருக்கிறது என்பதைப் பலர் கவனித்தது அப்போதுதான். அதுவும் வண்ணமே. அவரிடம் யாராவது ஒரு கதையையாவது கருப்பு வெள்ளையில் கேட்டிருக்கலாம்.

நாம் கேட்டது வேறு. 2004-இல் ‘முகல்-எ-ஆஸம்’ முழுக்க வண்ணமடிக்கப்பட்டு வந்த வெற்றிக்குப் பிறகு ஊருக்கு ஊர் இந்த வெள்ளையடிப்பு, மன்னிக்கவும், வண்ணமடிப்பு தொடங்கியது. கன்னடத்தில் ராஜ்குமாரின் ‘சத்ய ஹரிச்சந்திரா’ 2008-இலும் ‘கஸ்தூரி நிவாசா’ 2014-இலும் வண்ணமாகித் திரும்பின. இரண்டாவது, தமிழில் சிவாஜி நடித்த ‘அவன்தான் மனிதன்’ படத்துக்கு மூலப்படம். ரசிகர்கள் கற்பூரம் ஏற்றி வரவேற்றார்கள். ராஜ்குமாரை நிறத்தோடு பார்க்கிற ஆசையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு சாம்பலையும் பார்த்துப் பார்த்து வைத்த கேமராமேனிடம் யாரும் கேட்கவில்லை. அதே 2014-இல், ஏப்ரல் 7 அன்று, மூர்த்தி பெங்களூரில் காலமானார். ‘கடஸ்ராத்த’வுக்கு நல்ல விதி: 2024-இல் அது மீட்டெடுக்கப்பட்டு வெனிஸ் விழாவில் கருப்பு வெள்ளையாகவே ஓடியது.

இனி வீட்டு டிவிக்கு. கருப்பு வெள்ளைத் தொடரைப் பார்க்க நல்ல டிவி வேண்டுமா என்று கேட்டால், வண்ணத்துக்கு வேண்டியதைவிட நல்லதே வேண்டும். காரணம் எளிது: ஒளித்துக்கொள்ள நிறம் இல்லை. சாதாரண எட்டு பிட் படத்தில் கருப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிதான். மங்கலான சுவரில் வெளிச்சம் மெதுவாகக் கரையும் இடத்தில் அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். மழைக்குப் பிறகு சுவரில் ஈரம் ஏறிய கோடு மாதிரி. பத்து பிட் என்றால் 1,024 படி, கரைசல் சீராக வரும். இணைய வேகம் குறைந்தால் ஸ்ட்ரீமிங் முதலில் கைவைப்பது இருட்டுப் பகுதியில்தான். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஜன்னலோரம் நின்று ஃபோனில் ‘ரிப்ளி’ பார்ப்பவர் பாதிநேரம் பார்ப்பது கண்ணாடியில் தன் முகத்தை.

இன்னொன்று, கடையிலிருந்து வரும்போதே டிவி ‘விவிட்’ என்ற அமைப்பில் இருக்கும். வண்ணப்படத்தைக் கடைவிளக்கில் பளிச்சென்று காட்டச் செய்த ஏற்பாடு. அதில் கருப்பு வெள்ளை நீலம்பாரித்துப் போகும். பழைய பிளாஸ்டிக் தாளின் மேல்பாதியை மட்டும் மாட்டிய மாதிரி. ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்புக்கு மாற்றி, அறைவிளக்கை அணைத்தால் போதும்.

அமைப்புப் பக்கத்துக்குப் போனதுதான் போனோம், அங்கே ‘கலர்’ என்று ஒரு கோடு இருக்கும். ‘பாரத் ஏக் கோஜ்’, ‘தமஸ்’ இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. ஏதாவது ஒரு பகுதியைப் போட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பார்க்கலாம். 1988-இல் ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ ஒரு வீட்டுக் கூடத்தில், திண்ணைவரைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தது அந்தப் படத்தைத்தான். முகங்கள் பின்சுவரில் ஒட்டாமல் பிரிந்து நிற்கின்றனவா என்று மட்டும் கவனிக்க வேண்டும்.

நிறத்துக்காக வைத்த விளக்குதான். ஆனால் விளக்கு வைத்த கை பழைய கை.